ஜெபராஜ் மட்டும் வேண்டாம் என்று ஜெபித்தேன்

பாஸ்டர் ஐயா, நான் கடனில் விழுந்ததற்கு நீங்களும் ஒரு காரணம். நீங்கள் மைக்கில் படித்த பட்டியல்தான் என்னை அந்த ஆன்லைன் கடனில் தள்ளியது. இதைச் சாட்சியாக எழுதித் தரச் சொன்னவரும் நீங்கள்தான். எழுதிவிட்டேன். ஒரு வரியும் வெட்டாமல் நம் சபைப் பத்திரிகையில் போடுங்கள்.

சகோதர சகோதரிகளே, என் பெயர் மோசஸ். பட்டாபிராமில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். நம் சபை ஓலைக் கொட்டகையாக இருந்தபோதே வந்த ஏழு குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். ஜெபராஜ் வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. நாகர்கோவில்காரர். ஐ.டி. வேலை. லிஃப்ட் வைத்த ஃப்ளாட். வந்த ஆறாவது மாதமே அவருக்கு முன்வரிசை நாற்காலி.

எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் அவர் பாடினால் பெண்கள் பக்கம்கூடத் திரும்பிப் பார்க்கும். அவர் மகன் வசனத்தை ஆங்கிலத்தில் சொல்வான். துடைத்து நிறுத்திய அவர் பைக்கைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஆராதனை முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இதுதான் என் பக்தி.

போன வருஷம் சபையின் கூரையை மாற்றப் பொருத்தனை கேட்டீர்கள். எல்லோரும் தருவதாக வாக்குக் கொடுத்த தொகையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு நீங்கள் பட்டியலைப் படித்தீர்கள். "ஜெபராஜ் பிரதர், இருபத்தைந்தாயிரம்!" ஒரே கைதட்டல். அடுத்து என் பெயர். "மோசஸ் பிரதர், இரண்டாயிரம்." யாரும் தட்டவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது. அது மட்டும்தான் கேட்டது.

நான் எழுந்து நின்றேன். "பாஸ்டர், எழுதினதுல தப்பு. முப்பதாயிரம்" என்றேன்.

கைதட்டினார்கள். ஜெபராஜும் திரும்பிப் பார்த்துத் தட்டினார். பெண்கள் பக்கத்தில் என் மனைவி ராணி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கையில் பணம் இல்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது ரயிலில் போனில் விளம்பரம் வந்தது. ஐந்து நிமிடத்தில் பணம், ஜாமீன் வேண்டாம் என்று. அந்த ஆப்பை இறக்கினேன். அது போனில் இருக்கும் நம்பர்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினேன். அம்பத்தூரில் இறங்குவதற்குள் பணம் வந்துவிட்டது. நாற்பதாயிரம் கடன். கைக்கு வந்தது இருபத்தெட்டாயிரம். மீதி பன்னிரண்டாயிரம் ஏதோ கட்டணமாம். ஏழே நாளில் நாற்பதாயிரமும் கட்ட வேண்டுமாம்.

வீட்டிலிருந்த இரண்டாயிரத்தைச் சேர்த்துக் கவரில் போட்டு, மேடையில் உங்கள் கையில் கொடுத்தேன். போட்டோ எடுத்தார்கள். அதையே வாட்ஸ்அப்பில் என் படமாக வைத்தேன். ஜெபராஜ் பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.

ஏழு நாளில் நாற்பதாயிரத்துக்கு எங்கே போவது? நாலாயிரம் கட்டினால் இன்னும் ஒரு வாரம் தருகிறோம் என்றார்கள். கட்டினேன். அந்த நாலாயிரம் கடனில் கழியாது என்பது பிறகுதான் தெரிந்தது. பதினொரு வாரம் கட்டினேன். சம்பளம் போனது. ஓவர்டைம் போனது. ராணியின் கம்மல் அடகுக்குப் போனது. பன்னிரண்டாவது வாரம் முடியவில்லை.

அன்று போன் வந்தது. "ஐம்பத்திரண்டாயிரம் எடுத்து வை. இல்லன்னா ஊர் பூரா உன் மானத்த வாங்கிடுவேன். எங்க கம்பெனி இந்தியாவிலயே இல்ல. உங்க போலீசு, கோர்ட்டு எவனும் எங்கள ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். என் பிள்ளை வயதுதான் இருக்கும் அந்தக் குரலுக்கு.

சொன்னபடி செய்தான். நான் கவர் கொடுக்கும் அதே படத்தை எடுத்து, கீழே 'ஏமாற்றுக்காரன், கண்டால் பிடியுங்கள்' என்று எழுதி, என் போனில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினான். கம்பெனியில் பக்கத்து மெஷின்காரன் கேட்டான், "இன்னா நைனா, உன் மூஞ்சி என் போனுக்கு வந்துகீது? எலெக்‌ஷன்ல நிக்கிறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் சிரிக்க முடியவில்லை. என் மகள் ஷீபா நர்சிங் படிக்கிறாள். அவளுடைய தோழிகள் இரண்டு பேரின் நம்பர் என் போனில் இருந்தது. அவர்களுக்கும் படம் போய்விட்டது. காலேஜ் முழுக்கப் பரவிவிட்டது. அவள் யூனிஃபார்மை மடித்து பீரோவுக்குள் வைத்தாள். "நான் இனிமே போமாட்டேன்பா" என்றாள். அழக்கூட இல்லை.

ராணி என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற? கர்த்தருக்குக் குடுத்தியா, அந்தாளவிட ஜாஸ்தியா குடுத்தியா?"

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ரயில் வரும் நேரத்தில் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்றதும் உண்டு. ஷீபாவின் மடித்த யூனிஃபார்ம்தான் என்னைப் பின்னால் இழுத்தது. மூன்றாவது நாள் சனிக்கிழமை காலை முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, என் பிள்ளை காலேஜுக்குப் போக வேண்டும். யாரையாவது அனுப்பும். ஜெபராஜ் மட்டும் வேண்டாம்" என்று ஜெபித்தேன். அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

ஆமென் சொல்லி முடிக்கவில்லை. வாசலில் பைக் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"அண்ணே, கதவத் திறங்க. உங்கள ஏச வரல" என்றார். அவர் போனுக்கும் படம் போயிருக்கிறது.

உள்ளே வந்தார். நாற்காலி போட்டும் தரையில் உட்கார்ந்தார். பேங்க் கணக்கைக் கேட்டார். ஒரு தாளில் எழுதினார். "கைக்கு வந்தது இருபத்தெட்டு. நீங்க கட்டுனது நாப்பத்திநாலு. இன்னும் அம்பத்திரண்டு கேக்கான். இதுல யாருண்ணே கடன்காரன்?"

நான் அழுதேன். அவர் முன்னால் அழ வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

கடன் கொடுக்க அனுமதி வாங்கிய கம்பெனிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி தளத்தில் எடுத்துப் பார்த்தார். இவர்கள் பெயர் அதில் இல்லை. போனில் அந்த ஆப் பார்க்கக் கொடுத்த அனுமதிகளை எல்லாம் நிறுத்தினார். திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டு ஆவடிக்குப் போய் சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். புகார் நகலை அந்தக் கம்பெனிக்கு அனுப்பினோம். மறுநாளே அதே பையன், "சார், பேசி முடிச்சிக்கலாம் சார்" என்றான். இருபதாயிரம் என்றான், பன்னிரண்டு என்றான், ஆறில் வந்து நின்றான். சல்லிக்காசு தர வேண்டியதில்லை என்றார் ஜெபராஜ். தொல்லை ஒழியட்டும், ஷீபா காலேஜுக்குப் போகட்டும் என்று நான்தான் ஒப்புக்கொண்டேன்.

"அப்படின்னா லெட்டர் முதல்ல, பணம் பொறவு" என்றார் ஜெபராஜ். முதலில் வந்த கடிதத்தில் இந்தத் தவணை முடிந்தது என்று மட்டும் இருந்தது. நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். மொத்தக் கடனும் தீர்ந்தது, இனி பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிய பிறகே கட்ட விட்டார். அந்த ஆறாயிரத்தைத் தானே தருவதாகச் சொன்னார். "அதையாவது என்கிட்ட விட்டுடுங்க பிரதர்" என்றேன். ஓவர்டைம் பணத்தில் கட்டினேன்.

ஆவடியில் புகார் கொடுக்கக் காத்திருந்தபோது டீக்கடையில் கேட்டேன், இருபத்தைந்தாயிரத்தை எப்படி ஒரே தடவையில் கொடுத்தீர்கள் என்று. "ஒரே தடவையா? மாசம் ரெண்டாயிரமா கட்டுதேன் அண்ணே. இன்னும் பதினேழாயிரம் பாக்கி. எனக்கும் வீட்டுக் கடன் கிடக்குல்லா" என்றார். தவணை என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தாராம்.

பாஸ்டர் ஐயா, அதை நீங்கள் படிக்கவில்லை. தொகையை மட்டும் படித்தீர்கள்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். ஷீபா காலேஜுக்குப் போகிறாள். இப்போது என் போனில் அந்தப் படம் இல்லை, எந்தக் கடன் ஆப்பும் இல்லை. காணிக்கையை மடித்துப் பையில் போடுகிறேன், எவ்வளவு என்று ராணிக்குக்கூடச் சொல்வதில்லை. ஆனால் இந்தச் சாட்சியைச் சொல்ல மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். சொன்னால் கைதட்டல் ஜெபராஜுக்குத்தானே போகும்? இத்தனை பேர் இருக்க அவரையா அனுப்ப வேண்டும் என்று ஆண்டவரிடம் இன்னும் சண்டை போடுகிறேன். அவர் பைக்கைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எரிகிறது. எரியும்போது அந்த பைக் என் வாசலில் வந்து நின்ற காலையை நினைத்துக்கொள்கிறேன்.

உங்களில் யாராவது இப்படி ஒரு ஆப்பில் மாட்டிக்கொண்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கலாம். வெட்கத்தை விடுங்கள். கர்த்தரிடம் கேளுங்கள், பதில் வரும். யார் மூலம் வர வேண்டும் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

பாஸ்டர் ஐயா, கடைசியாக உங்களுக்கு. அடுத்து சுற்றுச்சுவருக்குப் பொருத்தனை கேட்கப் போகிறீர்களாம். கேளுங்கள், என்னால் முடிந்ததைத் தருவேன். பெயரையும் தொகையையும் இனியும் மைக்கில் படிப்பீர்களா, மாட்டீர்களா? தனியாக வீட்டுக்குக் கூப்பிட்டு எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிறு, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்.