சொட்டு மருந்தும் முதுகூசியும்

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில், அந்த வரிசை வீடுகளில், விரதம் என்றால் காளியாயிதான். தோட்டத்து அம்மன் திருவிழாவுக்கு விரதம் இருக்கும் மற்றவர்கள் நடுப்பகலில் ஒரு பிளேன்டீயைக் களவாகக் குடித்து வாயைத் துடைத்துக்கொள்வார்கள். இவள் எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்குவாள். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்திப் போனதில்லை. சொன்ன சொல்லை மீறத் தெரியாத பிறவி. அந்த நல்ல குணமே அவளுக்கு வினையாக வந்ததுதான் கொடுமை.

இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது என்று நுவரெலியா கிளினிக்கில் சொன்னார்கள். மிச்சமிருந்த வலது கண்ணுக்குக் காலையில் ஒரு சொட்டு, படுக்கப் போகும்போது ஒரு சொட்டு. நாலு வருஷமாக அந்த மருந்துதான் பிரஷரை அடக்கி வைத்திருந்தது. விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டைக்கு இறங்கிக் கசக்கும்.

போன மாசி மாதம் விறகு பொறுக்கப் போனவள் தேயிலைக்கு நடுவே தண்ணி ஓட வெட்டிய கானுக்குள் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகள் சர்மிளா லீவு போட்டு வந்து துணைக்கு இருந்தாள். அவசரத்தில் மருந்து விவரம் எழுதிய கண் கிளினிக் கொப்பியை எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை. நாளைக்கு ஒபரேஷன், இரவு பத்து மணிக்குமேல் பச்சைத்தண்ணிகூட உள்ளே போகக்கூடாது என்று வார்டு நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொன்னதைச் சர்மிளாதான் தாய்க்குச் சொன்னாள்.

காளியாயி மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“இது தொண்டைக்கு எறங்குதே புள்ள, விடலாமா?”

“வேணாம்மா. அப்புறம் ஒபரேஷன் பண்ண மாட்டேன்னுட்டா என்ன செய்யிறது? முடிஞ்சதும் விட்டுக்கலாம்.”

மறுநாள் நடுப்பகல்வரை வயிறு காய்ந்ததுதான் மிச்சம். வாகன விபத்தில் அடிபட்டவர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்களை என்ன சொல்ல முடியும்? இன்றைக்கு முடியாது, சாப்பிடுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். இரவு பத்து மணிக்கு மறுபடியும் வாயும் போத்தலும் மூடின. இப்படியே மூன்று நாள். காலை மருந்தை மத்தியானமும் இரவு மருந்தைப் பத்து மணிக்கு முன்னாலும் விட்டுக்கொள்ளலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மிஸ்மாரை மறித்துக் கேட்கவும் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் புருவத்துக்கு மேலே விண் விண்ணென்று வலித்தது. பட்டினித் தலைவலி என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் தியேட்டருக்குள் அவளைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து முதுகில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் யாருடைய உடம்போ என்றாகிவிட்டது. தலைக்கு மேலே எரிந்த பெரிய லைட்டின் கீழ்ப்பாதி மெல்ல மெல்ல இருண்டது. கையை அசைக்க முடியாதபடி ஒரு பக்கம் சேலைன், மறு பக்கம் பிரஷர் பட்டி.

“கண்ணு மங்குது டொக்டர்” என்றாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியும். கண்ணில் நோய் ஏதும் இருக்கிறதா, மருந்து விடுகிறாளா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முகம் மாறிப்போனார். சேலைனில் எதையோ ஏற்றினார், கண் மருந்துக்கு ஆள் அனுப்பினார். மருந்தை விடவேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்டார்.

“யாரும் சொல்லல. நானாத்தான் விடல.”

அந்தத் தியேட்டரில் மகளுக்காக அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

இடுப்பு ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. கண் டொக்டர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, சர்மிளாவுக்கும் விளங்கும்படி பொறுமையாகச் சொன்னார். முதுகூசி கண்ணின் பிரஷரை ஏற்றாது, சிலருக்குக் கொஞ்சம் குறைக்கும்கூட. ஆனால் அந்த ஊசி போட்டால் உடம்பின் இரத்த அழுத்தம் இறங்கும். மருந்தில்லாமல் கண்ணுக்குள் பிரஷர் ஏறி நிற்கும் நேரத்தில் இரத்த அழுத்தம் இறங்கினால் கண் நரம்புக்கு இரத்த ஓட்டம் போதாது. கீழ்ப்பாதியில் போன பார்வை இனித் திரும்பாது என்றார்.

சர்மிளா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் லயத்துக்கு வந்ததும், முதுகூசிதான் அம்மாவின் கண்ணைக் கெடுத்தது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். காளியாயி மறுத்துப் பேசவில்லை. மகள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

ஒரு மாதம் கழித்து அடுத்த லயத்து நிலக்ஷி வந்தாள். நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடப்பதால் முதுகூசி போட்டு வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று திகதி கொடுத்திருந்தார்கள். வந்தவள் அழுகிற மாதிரி இருந்தாள்.

“சர்மிளாக்கா சொன்னுச்சு, முதுகூசி போட்டா கண்ணு போயிருமாம். நான் மாட்டேன்னு சொல்லிறட்டா பெரியம்மா?”

காளியாயி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பேசாமல் இருந்தால் இந்தப் பிள்ளை பயந்து ஒபரேஷனே வேண்டாம் என்றுவிடும். பேசினால் அடுப்படியில் நிற்கிற மகள் கேட்பாள்.

“ஊசி ஒண்ணும் செய்யல தாயி. பயப்படாம போட்டுக்க. மூணு நாளு மருந்து விடாம கெடந்தேன், அதுதான். நானாத்தான் விடல.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“அம்மா விடலாமான்னுதான் கேட்டுச்சு” என்றாள் சர்மிளா. “நான்தான் வேணாம்னேன்.” அப்புறம் விம்மல்தான் கேட்டது.

எழுந்து போய் மகளைக் கட்டிக்கொள்ள நினைத்தாள் காளியாயி. கால் இப்போது நடக்கத்தான் செய்கிறது. இடையில் தரையில் என்ன கிடக்கிறதென்றுதான் தெரியவில்லை. இருந்த இடத்திலிருந்தே, “அழாத புள்ள, இங்க வா” என்று சத்தம் வந்த பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். சர்மிளா வரவில்லை.