ஆளில்லாத படங்கள்

கிளெண்டா முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஹார்பெக் கிராமத்துக்கும் சந்தை ஊருக்கும் நடுவே, மலைச்சரிவில் வெயில் இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். நிறுத்த முடியாது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு கேமரா வாங்கினாள்.

அதன்பிறகு தினமும் ஓடைக்கரைப் பாதைதான். கற்சுவர், ஆடுகள், மே மாதத்தில் மரங்களடியில் நீலப் பூக்கள். எடுத்த படங்களை ஊரின் முகநூல் குழுவில் போடுவாள். ஒரே ஒரு பிடிவாதம்: படத்தில் மனித வாடையே இருக்கக் கூடாது. கூட நடக்கும் தோழி லோர்னாவின் சிவப்பு மழைக்கோட்டுதான் அவளுக்குப் பெரிய எதிரி.

"சுவருக்குப் பின்னாடி போய்க் குனிஞ்சு உக்காருடி."

"மழை பெய்யுதுடி, படுபாவி!"

"அதான் வெளிச்சம் நல்லா இருக்கு. பேசாம இரு."

நாயோடு வருகிறவர்கள் கடந்து போகும்வரை காத்திருப்பாள். தப்பித்தவறி யாராவது சட்டகத்துக்குள் விழுந்துவிட்டால் அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிடுவாள்.

எல்லாப் படங்களுக்கும் முதல் ஆளாக இதயம் போடுபவர் டெரன்ஸ். அந்தப் பாதை ஓடும் நிலத்தை விலைக்கு வாங்கிக் குடிவந்தவர். "உங்க வயல் வழியா நடந்தேன், நன்றி டெரன்ஸ்" என்று எழுதுவாள் கிளெண்டா. "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று பதில் வரும்.

அந்தப் பாதை எந்த வரைபடத்திலும் இல்லை. அதைப் பொதுப்பாதையாகப் பதியச் சொல்லி ஊரார் மனுப் போட்டார்கள். இருபது வருடம் யார் அனுமதியும் கேட்காமல் ஊர் நடந்த பாதை ஊருக்கே சொந்தம் என்பது அங்கே சட்டம். "டெரன்ஸ் நம்ம பக்கம்" என்று எல்லாரிடமும் சொன்னவள் கிளெண்டா. அந்த வாரம் அவர் அவள் வீட்டுக்கு வந்து, அவள் சுட்ட கேக்கைத் தின்று, எல்லாப் படங்களையும் தன் வீட்டுச் சுவரில் மாட்டக் கேட்டார். அவளே அச்செடுத்து, ரிப்பன் கட்டிக் கொடுத்தாள்.

விசாரணை ஊர்ப் பொதுமண்டபத்தில் நடந்தது. டெரன்ஸின் வக்கீல் அந்த ரிப்பனை அவிழ்த்தார்.

"இத்தனை வருஷப் படங்கள். எல்லாம் இதே பாதைதான். இதுல ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம்."

லோர்னா எழுந்தாள். "நான் இருக்கேன்! அதோ, அந்தச் சுவருக்குப் பின்னாடி!"

மண்டபமே சிரித்தது. கிளெண்டா சிரிக்கவில்லை.

"ஆள் போற வரைக்கும் காத்திருந்து எடுத்தது நான்தான்யா. எடுக்க நான் நடந்துதானே போனேன்?"

வக்கீல் அதற்குத்தான் காத்திருந்தார் போல. "போனீங்க மேடம். உரிமையால இல்ல, அனுமதியால. நீங்களே எழுதியிருக்கீங்க." அவளுடைய நன்றிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நன்றி சொல்லாமல் ஒரு தபால்தலைகூட வாங்கத் தெரியாத ஊர் அது. அந்தப் பழக்கமே இப்போது அவள் கழுத்தில் கயிறாக விழுந்தது. டெரன்ஸ் நிமிராமல் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் அவரை மறித்தாள். "சுவர்ல மாட்டத்தானே கேட்டீங்க?"

"மாட்டியிருக்கேனே கிளெண்டா, வீடே அழகாயிருச்சு. இதை மனசுல வெச்சுக்காதீங்க."

தீர்ப்பு வந்தது. அது பொதுப்பாதை இல்லை. ஓடைக்கரையில் இரும்புக் கதவும் சங்கிலியும் வந்தன. மறுநாள் காலை இருவரும் அங்கே போனார்கள். கேமராவைக் கண்டதும் லோர்னா பழக்கத்தில் சுவர்ப்பக்கம் ஒதுங்கினாள்.

"எங்கடி போறே? பூட்டுக்கு முன்னாடி வந்து நில்லு."

"கோட்டைக் கழட்டவா?"

"பட்டனைப் போடு. ஊருக்கே தெரியட்டும்."

அன்று மதியமே அந்தப் படத்தைக் குழுவில் போட்டாள். பூட்டு, சங்கிலி, நடுவில் சிவப்பாக லோர்னா. முதல் இதயம் டெரன்ஸுடையது. கீழே எழுதியிருந்தார்: "அருமையான வெளிச்சம், கிளெண்டா!"

அவள் விரல் தானாகவே நன்றி என்று தட்டப் போனது. பாதியில் நிறுத்தி, போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.