பாடத்திட்டம் முடிவாகும் வரை

லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்க என்னென்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன்: ஒரு தலைவர், ஒரு குத்துவிளக்கு, ஒரு குழு. மோர்டனில் சனிக்கிழமைகளில் மட்டும் வாடகைக்கு எடுத்த ஆங்கிலப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் நடந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்த மூன்றும் முதல் நாளே தயாராக இருந்தன. பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களுக்கு எதைப் படிப்பிப்பது என்பதைத்தான் யாரும் யோசித்திருக்கவில்லை.

நான் அங்கே ரீச்சர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஆரம்ப வகுப்புகளில் சில வருடங்கள் படிப்பித்தவள். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து சேர்ந்தபோது அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வார நாட்களில் ஓர் ஆங்கில ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருந்தேன். பென்சில் சீவுவது, சாயக் கிண்ணம் கழுவுவது, மூக்குத் துடைத்துவிடுவது என் வேலை.

அந்தப் பள்ளியில் முதலில் பாடப்புத்தகம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் என்றால் அரைத் தவணை முழுக்கத் தண்ணீர்தான். கணக்குக்குத் தண்ணீர் அளப்பார்கள், சித்திரத்துக்கு மழை வரைவார்கள், குளத்துக்குப் போய்வந்து கதை எழுதுவார்கள். வாய்ப்பாடு எங்கே என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆறேழு எத்தனை என்று தெரியாது, கப்பல் ஏன் மிதக்கிறது என்று மட்டும் அரை மணித்தியாலம் பேசும். பிறகு அரசாங்கம் தேசியப் பாடத்திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கோப்பு கோப்பாக வந்து இறங்கியது. எந்த வயதுப் பிள்ளை எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று கட்டம் போட்டிருந்தார்கள். தண்ணீரோடு விளையாடிய அதே ஆசிரியை கட்டங்களுக்குள் சரி போட்டுப் போட்டு, ஒரு நாள் களைத்துப்போய் என் முன்னாலேயே அழுதாள். முதலாவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன், இரண்டாவதைப் பார்த்தும் சிரித்தேன். வெள்ளைக்காரருக்கு இதைவிட மேலாக ஒன்றை எங்கள் ஆட்கள் செய்து காட்டுவார்கள் என்ற மிதப்பு எனக்கு அப்போது இருந்தது.

அந்த மிதப்பு எங்கள் பாடத்திட்டக் குழுவில் போய் இருந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே இறங்கிவிட்டது. குழு தலைவரின் வீட்டு முன்னறையில் கூடும். தலைவர் கணக்காளர். இன்னொருவர் என்ஜினியர். மூன்றாமவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த டொக்டர். நாலாவது ஆள் நான், ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒரே ஆள். அதனால் தேநீர் ஊற்றும் பொறுப்பை எனக்குத் தந்திருந்தார்கள்.

தலைவருக்கு, தான் சின்ன வயதில் படித்த ஊர்ப் புத்தகம்தான் வேண்டும். யாரோ பத்திரமாகக் கொண்டுவந்த ஒரு பிரதியைத் தன் அலுவலக யந்திரத்தில் படியெடுத்து வைத்திருந்தார். முதல் பாடத்தில் கலப்பை, அடுத்ததில் கிணற்றுத் துலா, அதற்கடுத்ததில் நெல்லுச் சூடடிப்பு. மோர்டன் பிள்ளைகளிடம் பால் எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் வாசலில் நிற்கும் போத்தலைக் காட்டும். என்ஜினியருக்கு அரசாங்கத்தின் கட்டங்கள் மேல் தீராத காதல். தமிழையும் பத்துப் படியாகப் பிரித்து, சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வந்தார். எந்தப் படியில் பிள்ளை வாயைத் திறக்கும் என்று தேடினேன். ஏழாவது படியில் இருந்தது. டொக்டருக்குத் தமிழ்நாட்டுப் புத்தகம்.

“அதுல கலர் படமெல்லாம் இருக்குங்க, ஊருக்குப் போறப்ப நானே வாங்கிட்டு வந்துடறேன்” என்றார் நல்ல மனிதர்.

“கலரைக் குடுத்து எங்கடை தமிழை மாத்தப் பாக்கிறியளோ?” என்று தலைவர் எழும்பி நின்றுவிட்டார். கதிரையா நாற்காலியா என்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. நாங்கள் நாலு பேரும் சோபாவில் இருந்தோம்.

கோபம் வந்தால் மட்டும் தமிழ். மற்றபடி தமிழ்ப் பாடத்திட்டத்தைப் பற்றிய விவாதம் முழுக்க முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மூவரின் பிள்ளைகளில் ஒன்றுகூட எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. தலைவரின் மகனுக்குச் சனிக்கிழமை டியூஷன், என்ஜினியரின் மகளுக்கு வயலின், டொக்டர் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். ஊரார் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று இவர்கள் மிட்டாய்க் கடையில் நிற்பதுபோல் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தார்கள்.

என் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் நடந்த யுத்தத்துக்குப் பயந்து தாய் அவளைத் தூக்கிக்கொண்டு தப்பி வந்துவிட்டாள். வங்கியில் வேலை பார்த்த தகப்பன் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். தாய்க்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை, அதனால் பிள்ளை வளர்ந்தது பெரும்பாலும் அடுத்த வீட்டு ஆங்கிலப் பெண்மணியிடம். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் சாப்பிடு, படு, கெதியா வா. எல்லாம் தாய் வேலைக்கு ஓடும் அவசரத்தில் சொன்னவை. மறுமொழி சொல்ல அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. தகப்பன் தொலைபேசியில் வந்தால் “ஹலோ அப்பா” என்று சொல்லிவிட்டுக் கருவியைத் தாயிடம் நீட்டிவிடுவாள்.

அந்த வருடம் தகப்பனுக்கு விசா கிடைத்துவிட்டது. தாய் வகுப்பு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, கோடைக்கு முந்தி அவர் வந்திடுவார். இவ அவரோடை நாலு வார்த்தை கதைக்கிற அளவுக்கு எண்டாலும் பழக்கிவிடுங்கோ. எழுத்து வேண்டாம், வாசிப்பு வேண்டாம். கதைச்சாக் காணும்.”

நான் அதையே குழுவுக்குக் கொண்டுபோனேன். முதல் தவணையில் எந்தப் புத்தகமும் வேண்டாம், பிள்ளைகள் பேசட்டும். பசிக்கிறது, வயிறு வலிக்கிறது, அவன் என்னை அடித்துவிட்டான், எனக்கு இது பிடிக்கவில்லை, நீங்கள் எப்போது வருவீர்கள். இவற்றிலிருந்து தொடங்குவோம் என்றேன்.

“அது வீட்டுத் தமிழ். பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறது வேறை” என்றார் தலைவர்.

இதை எப்படி மதிப்பிடுவது என்று என்ஜினியர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பேசலாமே என்றார் டொக்டர். நான் விடவில்லை, வாக்கெடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். என் கை மட்டும் உயர்ந்து நின்றது. மூன்று பாடத்திட்டத்தில் ஒன்றிலும் உடன்பட முடியாதவர்கள் என் யோசனை கூடாது என்பதில் மட்டும் ஒரே நிமிடத்தில் உடன்பட்டார்கள்.

“பாடத்திட்டம் முடிவாகும் வரைக்கும் பேச்சுப் போட்டிக்குப் பழக்குங்கோ ரீச்சர். பரிசளிப்பு விழா வருகுதெல்லோ” என்று தலைவர் எழும்பினார். அன்றைய தேநீரோடு வைத்த மட்டன் ரோல்ஸ் முடிந்துவிட்டிருந்தது.

எங்கள் பேச்சுப் போட்டியைப் பற்றி வெளியாட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பேச்சைத் தலைவர் எழுதுவார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பேச்சு, தலைப்பு தாய்மொழி. தாய்மார் அதை ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் குளியலறையில், காரில், பஸ்ஸில் என்று அதை உருப்போடும். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. எங்கே குரலை உயர்த்துவது, எங்கே வலக்கையை நீட்டுவது என்பது மட்டும் பிசகாது. பிறகு தலைவரே நடுவராக இருந்து தன் பேச்சைத் தானே கேட்டு உருகிப் புள்ளி போடுவார். பெற்றோர் கண் கலங்குவார்கள். பிள்ளை மேடையை விட்டு இறங்கியதும், தனக்குச் சிப்ஸ் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கும்.

அந்த வாரங்கள் முழுக்க என் வகுப்பு நேரம் இதற்கே போயிற்று. ஒரு நாள் தலைவருக்குத் தெரியாமல் கடை விளையாட்டு வைத்தேன். ஒரு பிள்ளை கடைக்காரர், மற்றதுகள் பேரம் பேச வேண்டும். அந்தப் பெண்பிள்ளை “எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். சத்தம் கேட்டுத் தலைவர் கதவைத் திறந்தார். “இது சந்தையோ பள்ளிக்கூடமோ?” என்று கேட்டுவிட்டுப் பேச்சுத் தாள்களை விநியோகித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாள்களைக் கிழித்திருப்பேன். ஆனால் அவர் நம் குறைகளைத் தாய்மாரின் முன்னால் பட்டியல் போட்டு வாசிக்கும் மனிதர், கட்டடத்தின் சாவியும் அவரிடம்தான்.

அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. அவள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு வெள்ளிக் கிண்ணம்.

தகப்பன் வந்த அன்று என்னுடைய பழைய காரில்தான் ஹீத்ரோவுக்குப் போனோம். தாய் சேலை உடுத்திருந்தாள். பிள்ளை புதுச் சப்பாத்து போட்டிருந்தாள். அவர் தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், அந்தக் குளிருக்குப் போதாத ஒரு கோட். மனைவியைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார், முழங்காலில் இருந்துகொண்டார்.

“அப்பாவோடை ஏதும் கதையுங்கோ பிள்ளை” என்றார்.

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றாள்.

“பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! நடுநிலை தவறாத நடுவர்களே! என்னைப் பெற்றெடுத்த பெற்றோர்களே!”

பெற்றோர்களே என்னும் இடத்தில் வலக்கை நீண்டது. பழக்கிய திசையில் நீண்டதால் அது தள்ளுவண்டியில் இருந்த சூட்கேஸைக் காட்டியது. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி நன்றி வணக்கம் வரைக்கும் ஒப்புவித்தாள். அவளிடம் இருந்த தமிழ் முழுவதையும் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டாள். அவர் கடைசி வரைக்கும் முழங்காலிலேயே இருந்து கேட்டார்.

“நல்ல வடிவாச் சொன்னீங்கள். என்ன சொன்னனீங்கள் அதிலை?” என்று கேட்டார்.

அவளுக்கு விளங்கவில்லை. தாய் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். அவள் தோளைக் குலுக்கி, தெரியாது, அது தாய்மொழி பற்றியது என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த முன்னறையின் சோபாவை இழுத்துவந்து விமான நிலைய நடுவில் போட்டு மூவரையும் அதில் இருத்தி இதைப் பார்க்கவைக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைவருக்குச் செய்தி எட்டியிருந்தது. அவர் ஓடி வந்து கையைக் குலுக்கினார்.

“வந்து இறங்கின உடனை மேடைத் தமிழிலை உங்களை வரவேற்றிருக்கிறா. இதுதான் எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை பெருமை” என்றார். அதை ஆண்டு மலரில் போடப்போவதாகவும் சொன்னார். போடவும் செய்தார்.

தகப்பன் சிரித்து வைத்தார். தலைவர் போனதும் என்னிடம் வந்தார். என்னைத் திட்டுவார், திட்டட்டும் என்றுதான் நின்றேன்.

“ரீச்சர், பெரிய ஆக்களுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிற இடம் இங்கை எங்கையும் இருக்கோ?”

“வேலை தேடுறதுக்கோ?”

“வேலைக்கு இருக்கிற இங்கிலீஷ் போதும். பிள்ளையோடை கதைக்கவேணும்.”

உள்ளூர்க் கவுன்சில் நடத்திய மாலை வகுப்பைச் சொல்லி அனுப்பினேன். அங்கே முதல் நாள் புத்தகம் ஒன்றும் கொடுக்கவில்லையாம். யாரோடு பேச வேண்டும், அவர்களிடம் முதலில் என்ன சொல்ல விருப்பம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்களாம். குழு போடாமல், வரைபடம் இல்லாமல், ரோல்ஸ் இல்லாமல்.

கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சனிக்கிழமை, பாடத்திட்டம் பற்றி இறுதி முடிவு எடுப்பதற்காகத் தலைவர் எங்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். வகுப்பு விட்டு அவள் வெளியே வந்தாள். தகப்பன் குனிந்து, இன்றைக்கு என்ன படித்தாய் என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் தரிப்பு வரைக்கும் வாய் ஓயாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள்.