ஸ்டெப் இல்லை

சரியான விடையைத் தவறென்று அடித்தேன். சரி என்று தெரிந்தேதான் அடித்தேன்! கைத்தவறு என்று நினைத்து நீங்கள் என்னை மன்னித்துவிடாதீர்கள்.

புதுச்சேரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். கணித ஒலிம்பியாடுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதும் நானே. அதற்கு வைத்த தேர்வில் கடைசிக் கணக்கு இது: ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து இருக்கை, எல்லாவற்றிலும் மாணவர்கள். அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து, முன், பின், இடம், வலம் என ஒட்டியிருக்கும் ஓர் இருக்கைக்கு மாறி அமர முடியுமா?

முடியாது. அதை நிறுவ எனக்கு இரண்டு பக்கம் பிடித்தது. அந்தப் பக்கங்களின்மேல் எனக்கு எவ்வளவு கர்வம்...

தேங்காய்த்திட்டிலிருந்து வரும் கயல்விழி, பத்தாம் வகுப்பு, இரண்டே வரி எழுதியிருந்தாள். கட்டம் வரைந்து, கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றித் தீட்டி, கீழே: 'கறுப்பில் இருப்பவர்கள் வெள்ளைக்குத்தான் போக முடியும். கறுப்பு பதிமூன்று, வெள்ளை பன்னிரண்டு, இடம் போதாது.'

படித்ததும் சிலிர்த்தது. உடனே வயிறு எரிந்தது. இந்தப் பெண்ணுக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை? சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடிட்டு, 'ஸ்டெப் இல்லை' என்று எழுதினேன். நம் பள்ளிகளில் அந்தச் சொல்லை எதிர்த்து யார் பேசுவார்கள்?

விடைத்தாளோடு வந்தாள். "எந்த ஸ்டெப்ப விட்டுட்டேன் மிஸ்?"

"நீயே யோசிச்சுப் பாரும்மா."

யோசித்தாள். பாவி நான், இல்லாத ஒன்றைத் தேடவிட்டேன்! ஒலிம்பியாடுக்கு வேறு பெயர்கள் போயின. அடுத்த ஆண்டு, கணக்கே இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்டாள்.

மாலைகளில் கருவடிக்குப்பம் வீட்டில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். அழகான விடை கிடைத்தால் காட்ட ஆளில்லை. பார்த்ததும் கண் விரிய ஒருத்தி இருந்தாள்... அவளை நானே விரட்டிவிட்டேன்.

போன மாதம் தவளக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். வேலைக்குப் போகிறாளாம். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், அந்த சீட் கணக்கு இன்னும் மனசுலயே இருக்கு. அப்பப்ப போட்டுப் பாக்குறேன். எந்த ஸ்டெப்புன்னுதான் புடிபடல!"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது...

"பஸ் வந்துடுச்சு பாரு, ஏறிக்கோ" என்றேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை எனக்குக் கையசைத்துக்கொண்டே போனாள்.