ஜன்னல் வெயிலில் உருவிய பிலிம்

தாராவியில் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். கேமராவில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு திமிர் இருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, இறந்துபோன தன் அப்பாவின் பழைய சினிமா கேமராவைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மவன் இத பங்கார் கடையில எடைக்குப் போடச் சொல்லுதான் தம்பி. ஓடுமான்னு பாரு."

அக்கா டீ போட உள்ளே போனார். சாவி கொடுத்தேன், மோட்டார் சீராக ஓடியது. லென்சில் பூஞ்சை இல்லை. மூடியைத் திறந்தால் ஒரு சுருள் பிலிம். மொத்தத்தையும் உருவி ஜன்னல் வெயிலில் பிடித்தேன். ஒரு உருவமும் தெரியவில்லை.

"காலி பிலிம்தான்க்கா."

"காலி இல்ல தம்பி," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எங்கம்மாவ எடுத்தது. கழுவாமலே கெடக்கு. அம்மாவுக்கு வேற ஒரு போட்டோகூடக் கெடையாது. வெளிச்சம் பட்டா போயிரும்னு அப்பா தொறக்கவே விடமாட்டாவ."

டீயோடு வந்தவர் என் மடியைப் பார்த்தார். நான் அவசரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன், சுருட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தே.

"கேமரா ஓடும்க்கா," என்றேன்.

அக்கா டம்ளரை என் முன்னால் வைத்தார். பிறகு, "டீ ஆறுது, குடி," என்றார்.

குடித்தேன். என் அவசரத்தைக்கூட மறந்துவிடுவேன். அந்த டீயைக் குடித்து முடித்ததைத்தான் மறக்க முடியவில்லை.