ஒரே ஒரு முள்கரண்டி

மிலானிலிருந்து கத்தானியாவுக்கு விமானத்தில் போகலாம் என்று சிரீனோவின் காதில் விழும்படி சொன்னவன் தொலைந்தான். எங்கள் தெருமுனைக் காப்பிக் கடையில் வருஷா வருஷம், கோடை விடுமுறை நெருங்கும்போது, எவனாவது வாய் தவறி அதைச் சொல்லிவிடுவான்.

"ஆகாசத்துல தூக்கிட்டுப் போய்ப் பொத்துன்னு போட்டா அது பயணமா? பார்சல்டா!" என்று ஆரம்பிப்பான் சிரீனோ. பேருந்து? "ஜெயில். ஜெயில்லயாவது காலை நீட்டிப் படுக்க விடுவான்." ஜெனோவாவிலிருந்து கப்பல்? "ரயில் இல்லாத ஊர்க்காரன் போகட்டும்." கடைசியில் ராத்திரி ரயிலுக்கு வந்து சேருவான். சாயங்காலம் ஏறினால் மறுநாள் பகலில் ரயில் அப்படியே கப்பலுக்குள் நுழையும். கடலைத் தாண்டினால் சிசிலி, நம் வீடு. இதைச் சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும்.

எனக்கும் அவனுக்கும் ஒரே ஊர். மிலானில் ஒரே டயர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றோம். அவன் மகள் லோரெதானாவுக்கு நான்தான் ஞானத்தகப்பன். அந்த உறவில் ஒருவரையொருவர் 'கும்பாரி' என்று கூப்பிட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

"கல்யாணம் ஆகி இவளை வடக்கே கூட்டிட்டு வந்ததே அந்த ரயில்லதான்" என்று மனைவி வெனெராவைக் காட்டிச் சொல்வான். "எதிரெதிர்ப் படுக்கை. கும்பாரி, எங்க வாழ்க்கையிலயே நல்ல ராத்திரிங்க அந்த ரயில்லதான்." வெனெரா காப்பிக் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். வெட்கம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்த வருஷம் அவனுக்கு ஒரே ஆசை. பேத்தி நோயெமிக்குக் கப்பல் ரயிலை முழுங்குவதைக் காட்ட வேண்டும். அவள் அதுவரை ஊருக்கு விமானத்தில்தான் போயிருக்கிறாள்.

"பொய்! கப்பலுக்கு அவ்ளோ பெரிய வாய் இருக்காது" என்றாள் அவள்.

"பந்தயம். ஐஸ்கிரீம்?"

"ரெண்டு!"

லோரெதானா சரி என்றாள். மருமகனுக்கு வேலை இருந்தது, அவன் வரவில்லை. சிரீனோ, வெனெரா, மகள், பேத்தி என்று நாலு படுக்கை கொண்ட ஒரு முழு அறையையே பதிவு செய்தான். அதே ரயிலில் நானும் ஊருக்குப் போனேன், பக்கத்துப் பெட்டியில்.

கிளம்பும் நாள் காலையில் வெனெரா சாப்பாட்டுப் பையைக் கட்டி அவன் கையில் கொடுத்து, வழக்கம்போல் கன்னத்தில் ஒரு முத்தமும் வைத்தாள். "நான் லோரெதானா வீட்டுக்குப் போறேன். குழந்தையைக் கிளப்பி நேரா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துடுறோம்" என்றாள்.

நடைமேடையில் நின்றோம். அவன் ஒவ்வொரு குழந்தையின் தலையையும் எட்டி எட்டிப் பார்த்தான். ரயில் புறப்படச் சற்று முன் கைபேசி அடித்தது.

"அப்பா, கோவிச்சுக்காத. நாங்க கத்தானியாவுல இறங்கிட்டோம்." லோரெதானாவின் குரல் எனக்கே கேட்டது. "திடீர்னுதான் முடிவு பண்ணோம். மத்தியானம் பார்த்தா டிக்கெட் மலிவா இருந்துச்சு. ராத்திரி முழுக்க ரயில்ல குழந்தை தாங்குமா? அம்மாவையும் நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்."

அவன் கைபேசியை அணைத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். துணைக்கு நான் அவன் அறைக்கே போய்விட்டேன். ஜன்னலோரக் கீழ்ப் படுக்கையில் உட்காரப் போன என்னை, "அது நோயெமியோடது" என்று எழுப்பிவிட்டான். பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். "வெனெரா என்ன பண்ணுவா? மக இழுத்தா போய்த்தானே ஆகணும். என்னை விட்டுட்டு வர அவளுக்கு மனசே வந்திருக்காது." பையைப் பிரிக்காமலே படுத்தான்.

மறுநாள் கரைக்கு வந்ததும் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். நாங்கள் படியேறி மேல்தளத்துக்குப் போனோம். வெயிலைக் கண்டதும் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வா, நாலு பேர் சாப்பாடு இருக்கு. சும்மா வந்தவனுக்கெல்லாம் குடுப்போம். என் பொண்டாட்டி கைப்பக்குவம் ஊருக்கே தெரியட்டும்."

பையைத் திறந்தான். பெரிய தண்ணீர் பாட்டில்கள்தான் முதலில் வந்தன. அடியில் ஒரு சின்ன டப்பா, அதில் சீஸ் வைத்துச் சுட்ட கத்தரிக்காய் அடுக்கில் ஒரே ஒரு துண்டு. ஒரு கட்லெட். ஒரு பீச் பழம். மடித்த துணிக்குள் ஒரே ஒரு முள்கரண்டி.

எனக்கு உடனே உறைக்கவில்லை. அவனுக்கு உறைத்துவிட்டது.

"காலையிலயே கட்டிக் குடுத்தாளே, கும்பாரி" என்றான். "மத்தியானம் முடிவு பண்ணினதா சொன்னாங்களே."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். கன்னத்தில் முத்தம் கொடுத்து, நாலு பேர் சாப்பாட்டின் கனத்துக்குத் தண்ணீர் பாட்டில் வைத்து அறுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பையையே கடலில் வீசியிருப்பேன். அவன் டப்பாவை மூடி, கரண்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மெசினா துறைமுகத்து வாசலில் தங்க மாதா சிலையைக் கண்டால் எப்போதும் சிலுவை போடுவான். அன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

கத்தானியா நிலையத்தில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். சிரீனோ நேராக வெனெராவிடம் போய்க் கரண்டியை நீட்டினான்.

"இது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவள் முகம் வெளுத்தது. லோரெதானா ஏதோ சொல்ல வந்தாள். வெனெரா தடுத்தாள்.

"சரி, நான்தான் சொன்னேன், விமானத்துல போலாம்னு. பத்து நாளைக்கு முன்னாடியே. ஏமாத்தினது தப்புதான். ஆனா கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு ராத்திரிகூட நான் அந்த ரயில்ல கண்ணை மூடினதில்ல, சிரீனோ. கழிப்பறை நாத்தம். எவனோ கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பான். நீ குறட்டை விட்டுக்கிட்டுக் கிடப்ப. விடிஞ்சா 'நல்லா தூங்கினியா'ன்னு கேப்ப. நானும் தலையாட்டுவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்போ? நீதான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருந்தியே!"

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் நான் அவளை இன்றுவரை மன்னிக்கவில்லை. முந்தின நாள் ஏமாற்றியதை ஒப்புக்கொள்ள வந்தவள், அவன் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்ததையும் பிடுங்கிக்கொண்டாள்.

நோயெமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, கப்பல் ரயிலை முழுங்குச்சா?"

"இல்லடி செல்லம். தாத்தா சும்மா கதை விட்டேன். உனக்கு ரெண்டு ஐஸ்கிரீம்."

விடுமுறை முடிந்து வெனெரா மகளோடு விமானத்தில் திரும்பினாள். சிரீனோ பேருந்தில் திரும்பினான், காலை மடக்கி உட்கார்ந்தபடியே இத்தாலி முழுவதையும் கடந்து. காப்பிக் கடையில் வீங்கிய பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தவனிடம், ரயில் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன்.

"அங்க படுத்தா, எதிர்ப் படுக்கையில அவ முழிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும், கும்பாரி" என்றான்.