எழுத்துகளுக்குப் பின்னால் அவர்

கல்யாணமான அதே வருடம் என் கணவர் கத்தாருக்குப் போனார். எல்ல என்ற மலையூரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்தவர். அங்கேயும் ஹோட்டல் சமையல்தான், ஆனால் இரவு ஷிப்ட். நான் பதுளை டவுனில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு அங்கிருந்தே வேலை பார்த்தேன். அவர்களுடைய சர்வர் கணினிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கவனிப்பது என் பொறுப்பு. தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு இருக்கத்தான் ஆசை. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் பிடிக்கவே கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதால் அது நடக்கவில்லை.

என் வேலை முழுவதும் டெர்மினலில்தான். படம், பொத்தான் எதுவும் இல்லாத கறுப்புத் திரை அது. கட்டளையை எழுதிக் கொடுத்தால் கணினி வரிவரியாகப் பதில் எழுதும்.

காலையில் நான் வேலைக்கு உட்காரும்போது அவர் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்திருப்பார். வீடியோ கோல் எடுப்பார். பேச இருந்ததெல்லாம் பேசி முடித்த பிறகும் இரண்டு பேருக்கும் வைக்க மனம் வராது.

"கட் பண்ணாத புள்ள. நீ ஒன் வேலைய பாரு. நான் தூங்குறேன். இது பாட்டுக்கு இருக்கட்டும்."

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஆனால் என் கணினித் திரையில் டெர்மினலைத் திறந்தால் அவர் அதற்குப் பின்னால் போய்விடுவார். மூலையில் ஒதுக்கி வைத்தால் முகம் நெல்லிக்காய் அளவுதான் தெரியும்.

கண் எரிகிறதே என்று எழுத்தின் நிறத்தை மாற்றப் போன ஒரு நாளில்தான், செட்டிங்ஸில் கீழே, இழுத்து நகர்த்தும் ஒரு கோடு இருப்பதைக் கவனித்தேன். டெர்மினலின் பின்னணி எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதை அதில் கூட்டலாம், குறைக்கலாம். மெதுவாக இழுத்தேன். கறுப்பு புகையாக மாறியது. அதற்குள் ஒரு தோள் தெரிந்தது. இன்னும் இழுத்தேன். மூடிய கண்கள், சவரம் செய்யாத கன்னம். அவர் மூச்சு விட விட, என் வரிகளுக்கு அடியில் போர்வை ஏறி இறங்கியது. தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பார்க்க முடிந்தது, வாசிக்க முடியவில்லை. கோப்புறைகளின் பெயர்கள் நீலத்தில் வரும், அவருடைய போர்வையும் நீலம். சாம்பல் எழுத்துகள் சுவரோடு கலந்துவிட்டன. ஆயத்தமாகக் கிடைக்கும் வண்ணத் தொகுப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வெளிறியதொன்றைப் போட்டபோது அவர் காய்ச்சலில் கிடப்பவரைப்போல் தெரிந்தார். உடனே எடுத்துவிட்டேன். கடைசியில் நானே ஒன்றைச் செய்துகொண்டேன். எழுத்துக்கு இளமஞ்சள், எச்சரிக்கைக்குச் செம்மஞ்சள், பிழைக்குச் சிவப்பு.

ஒரு தடவை கண் விழித்தவர், நான் திரையையே பார்ப்பதைக் கண்டு கேட்டார்.

"என்னா பாக்குற?"

"ஒங்க நெத்தியில சிவப்பு எழுத்து ஓடுதுங்க."

"கெட்டதா?"

"ஒரு சர்வர் நின்னுருச்சி. ஒங்களுக்கு ஒன்னுமில்ல, தூங்குங்க."

தோட்டத்தில் வேலை இல்லாத நாளொன்றில் அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் திரையைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"என்னாடி இது, மருமகன் மூஞ்சி மேல கிறுக்கி வச்சிருக்க?"

விளக்கினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"எளைச்சிப் போயிட்டாருடி. ஊருக்கே ஆக்கிப் போடுற மனுசன். அவரு சாப்புடுறாரா?"

நாள்தோறும் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. டெர்மினலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவர் எழுந்ததும் கேட்டேன்.

"தனியா உக்காந்து சாப்புட ஒரு மாதிரியா இருக்கு புள்ள," என்றார்.

அடுத்த நாளிலிருந்து நான் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் கமராவுக்கு முன்னால் தட்டை வைப்பார். இங்கே நானும் வைப்பேன். பாதியில் எழுந்தால் விடமாட்டேன்.

பிறகு அவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். என் வேலை நேரமும் அவர் வேலை நேரமும் ஒன்றாகிவிட்டன. டெர்மினலுக்குப் பின்னால் அவருடைய படமொன்றைப் போட்டுப் பார்த்தேன். படம் புரண்டு படுக்கவில்லை, போர்வையை இழுத்துக்கொள்ளவில்லை. சில நாளில் அதை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டை மறுபக்கம் கடைசிவரை தள்ளித் திரையைப் பழையபடி முழுக் கறுப்பாக்கினேன். வேலை வேகமாக முடிந்தது. மேலாளர்கூடப் பாராட்டினார். எனக்கு அழுகை வந்தது.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டக் கேட்கிறார்கள் என்று ஒரு மாலையில் சொன்னார்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். சொல்லிட்டு வெளிய வந்து நின்னேன். ஒன்ன பாக்கனும் போல இருந்துச்சி."

"அப்ப நான் வர்றேன்," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "போயிட்டு வா. நான் என்னா சின்னப் புள்ளயா?" என்றார். கம்பனியில் ஒரு மாத லீவு தருவதாகச் சொல்லிவிட்டார்கள். கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. விசா இன்னும் வரவில்லை.

நேற்றுப் பேசும்போது, ஏர்போர்ட்டுக்கு என்ன நிறச் சேலையில் வருவாய் என்று கேட்டார்.

"எதுக்கு?"

"கூட்டத்துல தேடனும்ல."

பிரயாணத்துக்கு யாராவது சேலை கட்டுவார்களா, சுடிதார்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாயந்தரம் பஜாருக்கு இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு சேலைக்கடையின் கண்ணாடி முன்னால் ஒதுங்கி நின்றேன். மழை விட்ட பிறகும், கூட்டத்தில் எந்த நிறம் சட்டென்று கண்ணில் படும் என்று பார்த்தபடி அங்கேயே நின்றேன்.